பொது மருந்து வழங்கலும் நிதிக்குறைப்பும் (தூத்துக்குடி கடற்கரை)

பொது மருந்து வழங்கல் என்பது அரசின் நிதியைக் கொண்டு மருந்துகளை இலவசமாகவோ குறைந்த விலையிலோ மக்களுக்குக் கிடைக்கச் செய்யும் ஏற்பாடாகும். தூத்துக்குடி மாவட்டத்தில் வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள கடற்கரையில் மீனவர்களும் சங்கு குளிப்போரும் உப்பளத் தொழிலாளர்களும் வாழ்கின்றனர். இந்த ஏற்பாட்டுக்கான நிதி குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவோர் இவர்களைப் போன்ற அன்றாட வருமானக் குடும்பத்தினரே.

செயல்படும் முறை

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. இக்கழகம் ஒப்பந்தப்புள்ளி மூலம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அனுப்புகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கப்பட்ட தொகை ஒரு கணக்குப் புத்தகத்தில் குறிக்கப்படும். வாங்கும் மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படும். எனவே ஒதுக்கீட்டின் அளவே மருந்து இருப்பைத் தீர்மானிக்கிறது.

2021 ஆகத்து 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. 2025 பிப்ரவரி 24-இல் தமிழ்நாடு முழுவதும் 1000 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. இவற்றில் மூலப்பெயர் மருந்துகள் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன.

கடற்கரை மக்களின் நிலை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். இம்மாதங்களில் வருமானம் குறைந்தாலும் நோய்க்கான மாத்திரையை நிறுத்த இயலாது. வெயிலும் உப்புநீரும் உப்பளத் தொழிலாளர்களுக்குக் கண் எரிச்சல், தோல் வெடிப்பு, காற்புண் ஆகியவற்றை உண்டாக்குகின்றன.

நிதி குறையும்போது

நிலையத்தில் மருந்து இல்லையெனில் நோயாளி தனியார் கடையில் வாங்க வேண்டும், அல்லது பேருந்தில் நகருக்குச் செல்ல வேண்டும். பின்னதில் மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் இழப்பாகும். இதனால் சிலர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை உட்கொள்வர். சிலர் அறவே நிறுத்திவிடுவர். கட்டுப்படாத இரத்த அழுத்தம் பக்கவாதத்துக்கும், நீரிழிவு சிறுநீரகச் செயலிழப்புக்கும் இட்டுச்செல்லும். மாத்திரையில் மிச்சப்படுத்திய தொகையைவிட அச்சிகிச்சைக்கு அரசு செலவிடுவது பன்மடங்கு அதிகமாகும்.

இங்கிலாந்தின் அனுபவம்

இங்கிலாந்தில் மருந்துக் கடைகளுக்கான அரசு நிதி 2016 திசம்பர் முதல் குறைக்கப்பட்டது. அதற்கு முன், 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, மிக வறிய பகுதிகளில் ஏறத்தாழ அனைவரும் 20 நிமிட நடைத் தொலைவில் மருந்துக் கடையைப் பெற்றிருந்ததைக் காட்டியது. நிதிக்குறைப்பின்போது, அடுத்த கடையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் உள்ள கடைகளுக்குத் தனி உதவி தரப்பட்டது. கடைகள் நெருக்கமாக இருந்த வறிய நகர்ப்பகுதிகள் இவ்வுதவியைப் பெரும்பாலும் பெறவில்லை. வறுமையைவிடத் தொலைவையே முதன்மையாக அளந்தது இதன் குறை.

தூத்துக்குடி கடற்கரைக்கும் இது பொருந்தும். கடை அருகில் இருப்பது மட்டும் போதாது. வருமானம் இல்லாத மாதங்களிலும் மருந்து தடையின்றிக் கிடைக்கும் அளவுக்கு நிதி ஒதுக்கப்பட்டால்தான் இவ்வேற்பாட்டின் நோக்கம் நிறைவேறும்.