சினை ஊசியும் நைட்ரஜன் கேனும்



பருவத்துக்கு வந்த மாட்டை ஊசி போட ஓட்டிக்கிட்டுப் போறீங்க. அங்கே ஓர் ஓரமாக, பால் கேன் போல ஓர் அலுமினியக் கேன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் தூக்கினால் வெள்ளையாகப் புகை வழியும். உண்மையில் அது புகை இல்லீங்க. உள்ளேயிருக்கும் குளிர் பட்டு, காற்றிலுள்ள ஈரம் பனியாகிறது.

உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன். யூரியாவில் நாம் பயிருக்குக் கொடுக்கிற தழைச்சத்தும் நைட்ரஜன்தான். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுவே. காற்றை அழுத்தி, ஆறவைத்து, விரியவிட்டுக் குளிர்வித்தால், கடைசியில் காற்றே தண்ணீர் போல் ஆகிவிடும். அதிலிருந்து நைட்ரஜனைத் தனியே பிரிக்கிறார்கள். ஐஸ் உறைவது 0 டிகிரியில். இதன் குளிர் அதற்கும் கீழே 196 டிகிரி!

நம்ம ஊர் வெயிலில் இந்தக் குளிர் எப்படி நிற்கிறது? 1892-ல் ஜேம்ஸ் டியூவர் என்ற விஞ்ஞானி இரட்டைச் சுவர் வைத்து, நடுவே காற்றை எடுத்துவிட்ட பாத்திரம் செய்தார். காப்பி பிளாஸ்கும் இந்தக் கேனும் அந்த வழி வந்தவைதான். அப்படியும் தினம் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அளவு பார்க்க ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்து வீசினால், திரவம் இருந்த உயரம் வரைக்கும் வெள்ளையாகப் பனி படியும். கேனின் வெளிப்புறத்திலேயே பனி பூத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள்.

சும்மா உறையவைத்தால் விந்தணு செத்துப்போகும். 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர், கிளிசரின் சேர்த்தால் சேவல் விந்து உறைந்த பிறகும் பிழைக்கிறது என்று கண்டார்கள். பிறகு காளைக்கும் அது பலித்தது. இன்றைக்குக் கால் மில்லி குச்சிக்குள் சுமார் 2 கோடி அணுக்கள். காளை செத்த பிறகும் அதன் கன்று பிறக்கும்!

ஆனால் ஒரு சங்கதி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேண்டிய குச்சியைத் தேடி, குவளையைக் கேனுக்கு வெளியே தூக்கிவைத்துக்கொண்டு நிதானமாகப் புரட்டினேன். எடுத்தது போக மீதியைத் திரும்ப உள்ளே விட்டேன். பார்வைக்கு எல்லாம் பழையபடியே இருந்தன. அந்தக் குச்சிகளைப் போட்ட மாடுகள் அடுத்த பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பக் கத்தின. மாட்டுக்காரர்கள் மாட்டைத்தான் குறை சொன்னார்கள். குறை என் கையில் இருந்தது. பாதி சூடேறிய குச்சிக்குள் பனித்துகள் பெரிதாகி அணுவைக் கிழித்துவிடும். மறுபடி உறையவைத்தால் உயிர் வராது. குவளையைக் கழுத்துக்கு மேலே தூக்கக்கூடாது. பத்து எண்ணுவதற்குள் குச்சி கிடைக்காவிட்டால் இறக்கிவிட்டு மறுபடி தூக்க வேண்டும்.

ஆகவே ஊசி போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, ஈரம் துடைத்து, உடனே போட வேண்டும். சட்டைப் பையிலோ உள்ளங்கையிலோ வைத்து உருக்கினால், "தண்ணியில போட்டு உருக்குங்க சார்" என்று கூசாமல் கேளுங்கள். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் உங்கள் செலவுதானே!

காலையில் கத்தினால் அன்று சாயந்திரம், சாயந்திரம் கத்தினால் மறுநாள் காலை ஊசி போட வேண்டும். இன்னொன்று: கேனை யாரும் இறுக மூடிவிடாதீர்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும், வெடித்துவிடும். விரலும் விட வேண்டாம், நெருப்புச் சுட்ட மாதிரி பொத்துப்போகும்.

ஊசி போட்டதும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காளையின் எண் அதில் அச்சாகியிருக்கும். அதை நோட்டில் தேதியோடு எழுதிவைத்தால், பிறக்கும் கிடேரிக்கு நாளை ஊசி போடும்போது அப்பன் காளையே வராமல் பார்த்துக்கொள்ளலாம்.