கணக்கு நோட்டு சொன்ன பாடம்: ஆறு மா நிலத்தில் ஏழு வருட ஏற்றமும் இறக்கமும்

கஜா புயலில் 58 தென்னைகளைப் பறிகொடுத்த புதுக்கோட்டை மாவட்டக் குடும்பம் ஒன்று, பூ, மாடு, ஆடு, கோழி என்று மாறி எழுந்து நின்ற கதையை வீட்டு அம்மாவே எழுதியிருக்கிறார். லாபத்தோடு நஷ்டத்தையும் மறைக்காமல் சொல்கிறார்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி தாலுகாவில், கீரமங்கலம் பக்கம். வீட்டையும் சேர்த்து எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது 2 ஏக்கர். மூன்று மாவில் தென்னை, ஒன்றரை மாவில் முல்லையும் மல்லிகையும். மிச்சத்தில் வீடு, கொட்டகை, பலா மரங்கள், கொல்லைக் காய்கறி. போர் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா அடித்தது. விடிந்து கதவைத் திறந்தபோது, எப்போதும் தோப்பு மறைத்திருக்கும் பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. 70 தென்னையில் 58 சாய்ந்து கிடந்தன. ஆறு பலாவில் நான்கு வேரோடு போயிருந்தன. என் அத்தை (மாமியார்) ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். எல்லாம் அவர் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள்.

கரன்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஜெனரேட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, நான்கு வீட்டார் சேர்ந்து போரை ஓட்டினோம். மரங்களைக் கணக்கெடுக்க வந்தவர்கள், "எத்தனை மரம்? என்ன வயசு? காய்ப்பு எவ்வளவு?" என்று கேட்டபோது எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் வாய்க்கணக்கு. அன்றைக்கு மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் இருப்பது ஒரே வரி: "தென்னை 58, பலா 4."

திருப்பூருக்குப் போனவர் திரும்பி வந்தார்

நிவாரணமாக மரத்துக்கு 1,100 ரூபாய் வீதம் 63,800 ரூபாய் வந்தது. ஜேசிபி வைத்து மரங்களை அப்புறப்படுத்தியதிலேயே 41,000 ரூபாய் கரைந்தது. கூட்டுறவு சங்கக் கடன் நிலுவையில் இருந்தது. என் நான்கு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. என் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினார். "நெலத்த வித்துரலாமா புள்ள?" என்று பஸ் ஏறும்போது கேட்டார். "ஒரு வருஷம் பொறுங்க. அப்புறம் பேசலாம்" என்றேன். எனக்கும் வேறு பதில் தெரியவில்லை.

அந்த வருடம் எங்களைக் காப்பாற்றியது பூச்செடி. முல்லையும் மல்லிகையும் குத்துச்செடி என்பதால் புயலில் ஒடிந்தாலும் சாகவில்லை. கவாத்து செய்துவிட்டு எரு வைத்தேன். கோடையில் நன்றாகப் பூத்தது. 2019 ஆடியில் 45 நெட்டைத் தென்னங்கன்று வைத்து, இடையில் வாழை போட்டோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அவர் வேலை இழந்து வீடு வந்து சேர்ந்தார். அதே வாரத்தில் பூ மார்க்கெட்டும் மூடியது. பூ சீசன் உச்சத்தில் இருந்த நேரம் அது. பறித்தால் கூலி நஷ்டம், பறிக்காவிட்டால் செடி கெடும். பறித்துக் குப்பையில் கொட்டினோம். ஆனால் அந்த மூன்று மாதமும் வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. பால், முட்டை, பலாக்காய், முருங்கைக்கீரை, தட்டைப்பயறு எல்லாம் கொல்லையிலிருந்தே வந்தன. ரேஷன் அரிசி போதுமானதாக இருந்தது. "தென்னை மட்டும் இருந்திருந்தா நம்ம கதி என்னாகியிருக்கும்?" என்று அவரே சொன்னார். அதன்பிறகு திருப்பூர்ப் பேச்சை எடுக்கவில்லை.

நஷ்டம் வந்த வழிகள்

பலபயிர், பலஉயிர் என்றால் எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். நோட்டில் சிவப்பு மையால் எழுதிய பக்கங்களும் உண்டு.

காண்டாமிருக வண்டு: சாய்ந்த மரங்களின் அடித்துண்டுகளைத் தோப்பு ஓரத்திலேயே குவித்து வைத்திருந்தோம். மட்கிய தென்னைமரத்தில்தான் இந்த வண்டு முட்டையிட்டுப் பெருகும் என்று தெரியவில்லை. ஆறு இளங்கன்றுகளின் குருத்தைத் துளைத்துத் தின்றுவிட்டது. பிறகுதான் துண்டுகளை அகற்றினோம். எருக்குழியைக் கிளறிப் புழுக்களை எடுத்துக் கொன்று, மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்து விட்டோம். 45 நாளுக்கு ஒரு முறை கன்றின் குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் மூன்று அந்துருண்டைகள் வைத்து மணலால் மூடுகிறோம். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பானையில் வைத்தால் வண்டுகள் வந்து விழும்.

துள்ளுமாரி: 2021-ல் மழை பெய்து இளம்புல் தழைத்த நேரம். ஆடுகள் ஆசையாக மேய்ந்தன. மறுநாள் காலை நன்றாக இருந்த கிடா ஒன்று துள்ளி விழுந்து செத்தது. இரண்டு நாளில் மூன்று போய்விட்டன. மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டிருந்தால் தப்பியிருக்கும். இப்போது மழைக்கு முன் ஊசி, மழை முடிந்த முதல் வாரம் அரைவயிறு மேய்ச்சல். காலையில் கொஞ்சம் காய்ந்த தீவனம் கொடுத்த பிறகுதான் அவிழ்க்கிறோம்.

வெள்ளைக்கழிச்சல்: 2022 கோடையில் 37 கோழியில் 32 செத்தன. சந்தையில் வாங்கி வந்த இரண்டு கோழிகளைத் தனியே வைக்காமல் நேராகக் கூட்டத்தில் விட்டதுதான் தப்பு. இப்போது புதுக்கோழி எது வந்தாலும் இரண்டு வாரம் தனிக்கூடு. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் றெக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் என்றைக்குப் போடுகிறார்கள் என்று சொல்வார்கள்.

மூன்றிலும் ஒரே பாடம்தான். செலவைச் சேமிக்கிறோம் என்று நினைத்துத் தள்ளிப்போட்டதுதான் எங்களுக்குப் பெரிய செலவாக வந்தது.

"அம்மா, உன் கூலி எங்கே?"

2022-ல் மகள் பத்தாம் வகுப்பு படித்தாள். ஒரு நாள் இரவு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பூ பறிச்சவங்க கூலி எழுதியிருக்க, கொத்தினவங்க கூலி எழுதியிருக்க. அம்மா, உன் கூலி எங்கே?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். அவள் விடவில்லை. மாட்டுக்கு நான் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறேன் என்று ஒரு வாரம் குறித்தாள்.

அப்போது மூன்று கலப்பின மாடுகள் இருந்தன. ஒரு மாட்டின் ஒரு நாள் கணக்கு இது: சங்கத்துக்கு 8 லிட்டர் பால், லிட்டர் 33 ரூபாய் வீதம் 264 ரூபாய். அடர்தீவனம் 4 கிலோவுக்கு 112 ரூபாய், வைக்கோல் 50, மருத்துவம், தாது உப்பு, சினை ஊசி எல்லாம் சராசரியாக 12. மிச்சம் 90 ரூபாய். மூன்று மாட்டுக்கும் சேர்த்து நானும் அவரும் நாளுக்கு 9 மணி நேரம் உழைத்தோம். மூன்றும் ஒன்றாகக் கறந்தால்தான் 270 ரூபாய். ஒன்று பால் வற்றி நின்றால் அதன் தீவனத்தை மற்ற இரண்டும் சேர்ந்து கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்போது பெண்ணாளுக்கு அரைநாள் கூலியே 250 ரூபாய்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாடு விற்பது என்றால் அத்தைக்கு மனசு ஒப்பாது. "லட்சுமிய வெளிய அனுப்புறியா?" என்று கேட்டார். நோட்டை வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், "ஒன்ன மட்டும் வச்சுக்க. சாணியும் பாலும் வீட்டுக்கு வேணும்" என்றார். இரண்டை விற்றோம். பத்து சென்டில் கோ-5 கம்பு நேப்பியர் புல், வரப்பில் அகத்தி, வேலிமசால் போட்டோம். புல் முதல் அறுப்புக்கு 75 நாள், அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஓர் அறுப்பு. பசுந்தீவனம் கூடியதால் அடர்தீவனம் 4 கிலோவிலிருந்து இரண்டரைக் கிலோவாக இறங்கியது. மிஞ்சிய நேரத்தைப் பூச்செடிக்குக் கொடுத்தேன். 2023 தை மாதம், பூ வரத்துக் குறைந்து விலை ஏறிய நேரத்தில் வந்த காசில்தான் சங்கிலியை மீட்டேன்.

மாடு வளர்ப்பது நஷ்டம் என்று நான் சொல்லவில்லை. தீவனத்தை வெளியில் வாங்கி, உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் மாட்டின் எண்ணிக்கையைக் கூட்டியதுதான் எங்களுக்கு நஷ்டம்.

கடந்த ஆண்டு வரவு–செலவு (ரூபாயில்)

பூ: வரவு 1,38,000, செலவு 61,000
பால்: வரவு 58,000, செலவு 27,000
ஆடு (7 விற்பனை): வரவு 56,000, செலவு 9,000
கோழி, முட்டை: வரவு 24,000, செலவு 7,000
தென்னை (பழைய 12 மரம்): வரவு 18,000, செலவு 5,000
பலா (2 மரம்): வரவு 11,000, செலவு 1,000
இளந்தென்னைப் பராமரிப்பு 18,000, மோட்டார் பழுது 12,000
மொத்த வரவு 3,05,000. மொத்தச் செலவு 1,40,000. மிச்சம் 1,65,000.

இதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 452 ரூபாய். இரண்டு பேர் உழைப்புக்கு இவ்வளவுதான். வெளியே கூலிக்குப் போனால் இதைவிட அதிகம் கிடைக்கும். ஆனால் கூலி வேலை வருடம் முழுக்க இருக்காது. வீட்டுக்கு எடுத்துக்கொண்ட பால், முட்டை, காய், தேங்காயைக் கடை விலைக்குப் போட்டால் மாதம் 4,000 ரூபாய் வருகிறது. அதுவும் சம்பாத்தியம்தான். பெருமைக்கு இதை எழுதவில்லை. 'சின்ன இடத்தில் லட்சக்கணக்கில் லாபம்' என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டு ஆள் கூலியை எழுதினார்களா என்று கேளுங்கள்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. உயிர் வளர்க்கும் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கும் போக முடியாது. என் தங்கை மகள் கல்யாணத்துக்கு நான் மட்டும் போய்த் தாலி கட்டி முடிந்ததும் திரும்பிவிட்டேன். இப்போது பக்கத்து வீட்டாரோடு ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். அவர்கள் வெளியூர் போனால் நாங்கள் கறப்போம், நாங்கள் போனால் அவர்கள் கறப்பார்கள்.

வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் கொல்லையைப் பார்க்க வருகிறவர்கள் அதிகம் கேட்பவற்றை, மற்ற வாசகர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

புதிதாகத் தொடங்க எதை முதலில் வைக்கலாம்?
தீவனத்தை. மாடோ ஆடோ வாங்குவதற்கு மூன்று மாதம் முன்பே புல், அகத்தி போட்டுவிடுங்கள். கோழி பத்தில் தொடங்கி, ஒரு கோடையைத் தாண்டிய பிறகு பெருக்குங்கள்.

கடன் வாங்கித் தொடங்கலாமா?
கந்து வட்டிக்கு வேண்டவே வேண்டாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க் கடனைக் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது. கிசான் கிரெடிட் கார்டு கால்நடைக்கும் உண்டு. சிறு, குறு விவசாயி சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் சொட்டுநீருக்கு முழு மானியம் கிடைக்கும்.

மறுபடி தென்னை வைத்தீர்களே, பயமில்லையா?
பயம் உண்டு. அதனால்தான் 58 போன இடத்தில் 45 மட்டும் வைத்தோம். வண்டு தின்ற ஆறுக்கும் மறுநடவு செய்தோம். இனி எந்த ஒரு பயிரையும் மட்டும் நம்பி இருக்க மாட்டோம்.

நோட்டு எழுத நேரம் எங்கே?
ராத்திரி சாப்பிட்டதும் ஐந்து நிமிடம். தேதி, வரவு, செலவு, யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள். இந்த நான்கும் போதும். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள்.

இந்த ஆடியோடு கன்றுகளுக்கு ஆறு வயது முடிந்தது. போன வாரம் வடக்கு வரிசையில் ஒன்று முதல் பாளை விட்டிருக்கிறது. அத்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் மரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு, "நோட்டுல எழுதிட்டியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன்.