கைப்பந்தாட்டத்தில் பந்தனுப்பும் திறனை மதிப்பிடும் முறை

கைப்பந்தாட்டத்தில் எதிரணியினர் செலுத்தும் பந்தை முதலில் ஏற்று, வலையருகே நிற்கும் தம் அணியினரிடம் அனுப்பும் செயலே பிற செயல்கள் யாவற்றிற்கும் அடிப்படையாகும். இச்செயல் செவ்வனே அமையாவிடின், செட்டர் எனப்படும் ஆட்டக்காரரால் பந்தை உரிய உயரத்திற்கு எழுப்பித் தர இயலாது. அடிப்பவருக்கும் வேலையில்லாது போகும். ஆயினும் பல பள்ளிகளில் மதிப்பெண் வழங்கும்போது கண்ணைக் கவரும் வலிய அடிக்குக் கிடைக்கும் மதிப்பு, அமைதியாகப் பந்தை ஏற்றனுப்பும் மாணாக்கருக்குக் கிடைப்பதில்லை. உயரம் குறைந்த சிறுவரும் சிறுமியரும் இதனாலேயே ஆடுகளத்தின் ஓரத்தில் பந்து பொறுக்குவோராக நின்றுவிடுகின்றனர்.

இவ்வாட்டம் 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோலியோக் நகரத்தின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. நம் நாட்டிலும் இதனைப் பரப்பியதில் அந்நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் பல மாகாணங்களுக்கும் விளையாட்டுக்களைக் கொண்டு சென்றனர். இந்தியக் கைப்பந்துக் கூட்டமைப்பு 1951இல் அமைந்தது.

திறனை அளக்கும் முயற்சிகளும் பழமையானவையே. 1945இல் பிரேடி என்பார் கல்லூரி மாணவருக்கென வகுத்த சோதனையில், சுவரில் 11 அடி 6 அங்குல உயரத்தில் ஒரு கோடு வரையப்பட்டது. அதற்கு மேலே ஒரு நிமிடத்தில் எத்தனை முறை பந்தைத் தட்ட இயலும் என்பது எண்ணப்பட்டது. ஒரு சுவரும் ஒரு கடிகாரமும் இருந்தாற் போதும் என்பதால் இத்தகைய சோதனை இன்றும் பள்ளிகளில் வழங்குகிறது. ஆனால் அது அளப்பது பெரும்பாலும் விரல்களால் பந்தை விரைந்து தட்டும் ஆற்றலையே. சுவரில் பட்ட பந்து வந்த வழியே திரும்புகிறது. ஆட்டத்திலோ பந்து வலைக்கு அப்பாலிருந்து வருகிறது. மாணாக்கர் அது விழுமிடத்திற்கு நகர்ந்து, வந்த திசையை விட்டு வேறொரு திசையில் அனுப்ப வேண்டியுள்ளது. எனவே மதிப்பீட்டிலும் நகர்தல், ஏற்றல், திசை திருப்பி அனுப்பல் ஆகிய மூன்றும் இடம் பெறுதல் வேண்டும்.

இதற்கேற்ற எளிய ஏற்பாடு ஒன்றினைக் காண்போம். ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. ஒவ்வோர் அணியின் பகுதியும் 9 மீட்டர்ச் சதுரமாகும். வலை இல்லாத பள்ளியில் இரு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டிக் கொள்ளலாம். வலையையொட்டி, நடுவிலிருந்து சற்று வலப்புறமாக, 3 மீட்டர்ச் சதுரம் ஒன்றைச் சுண்ணாம்பினால் வரைதல் வேண்டும். அதனுள் ஒரு மாணாக்கர் பிடிப்பவராக நிற்பார். சோதிக்கப்படுபவர் வலைக்கு 6 மீட்டர் பின்னே நிற்பார். எதிர்ப்பகுதியிலிருந்து ஒருவர் இரு கைகளாலும் பந்தைக் கீழிருந்து மேலாக வலையைத் தாண்டி எறிதல் வேண்டும். பத்துப் பந்துகளுள் ஐந்து சோதிக்கப்படுபவருக்கு இரண்டடி எடுத்து வைக்கும் தொலைவில் இடப்புறமும், ஐந்து அதே தொலைவில் வலப்புறமும், அவர் முன்னரே அறியாவண்ணம் கலந்து வருமாறு எறியப்படும். தவறாக எறியப்பட்ட பந்தைக் கணக்கிற் கொள்ளாது மீண்டும் எறிதல் வேண்டும். எறிந்தவரின் பிழைக்கு ஏற்பவர் மதிப்பெண் இழத்தல் முறையன்று.

சதுரத்தை விட்டு நீங்காமலே தலைக்கு மேலே பிடிக்குமாறு வந்த பந்திற்கு 3 மதிப்பெண். சதுரத்திற்கு வெளியே, ஆனால் வலையிலிருந்து 3 மீட்டர்க் கோட்டிற்குள் தலைக்கு மேலே பிடிக்கத்தக்கதாயின் 2. தம் பகுதியில் வேறெவ்விதமாகவேனும் தரையில் விழுமுன் பிடிக்கத்தக்கதாயின் 1. பிற யாவற்றிற்கும் 0. ஆக மொத்தம் 30 மதிப்பெண்களாகும்.

இம்மொத்தத்தை மட்டும் ஏட்டிற் குறித்து வைப்பது போதாது. இரு மாணவியரைக் கொள்வோம். முதலாமவர் இருபுறமும் ஐந்து பந்துகளுக்கு 2 வீதமும் ஐந்திற்கு 1 வீதமும் பெற்று, மொத்தம் 15 அடைகிறார். இரண்டாமவர் இடப்புறத்துப் பந்துகள் ஐந்திற்கும் 3 வீதம் பெற்று, வலப்புறத்துப் பந்துகள் அனைத்தையும் தவற விடுகிறார். அவருக்கும் 15 தான். ஏட்டைப் பார்ப்பவருக்கு இருவரும் ஒரே தரத்தினர். உண்மையில் முதலாமவர் எல்லாப் பந்துகளையும் எட்டிவிடுகிறார். கைகளை வீசி அடிப்பதால் பந்து குறி தவறுகிறது. இரண்டாமவரின் கை நன்கு அமைந்துள்ளது. வலப்புறம் அடியெடுத்து வைக்கவே அவர் பழகவில்லை. முன்னவருக்குக் கையை அசையாது வைத்து முழங்காலை நிமிர்த்தி அனுப்பும் பயிற்சியும், பின்னவருக்கு முதலில் பந்தின்றியே கால் நகர்த்தும் பயிற்சியும் தேவை. ஒவ்வொரு பந்தையும் இடம், வலம் எனத் தனித்தனியே குறித்தாலன்றி இவ்வேறுபாடு புலப்படாது.

பந்து சென்ற இடத்தை மாணாக்கரே குறித்துக் கொள்ளலாமாதலின், ஆசிரியர் தம் கவனம் முழுவதையும் உடல் நிலையின்மீது செலுத்தலாம். பந்து வந்து சேருமுன் கால்கள் நின்றனவா, முழங்கால்கள் மடங்கினவா, முழங்கைகள் நீண்டு பெருவிரல்கள் இணையாக அமைந்தனவா, மணிக்கட்டிற்கு மேலே முன்கையில் பந்து பட்டதா என நான்கு வினாக்கள் போதும். தற்செயலாக நன்கு சென்ற பந்தையும், முறையாக ஏற்றும் சற்றே விலகிய பந்தையும் இவை பிரித்துக் காட்டும்.

நாற்பது மாணாக்கர் கொண்ட வகுப்பில் இது இயலுமா என ஐயுறலாம். ஒருவருக்குப் பத்துப் பந்துகள் எறிய ஏறத்தாழ ஒன்றரை நிமிடமாகும்; நாற்பதின்மருக்கும் ஒரு மணி நேரம். வகுப்பை நால்வர் கொண்ட பத்துக் குழுக்களாக்கி, எறிதல், ஏற்றல், பிடித்தல், குறித்தல் ஆகியவற்றை முறை மாற்றிச் செய்யச் சொன்னால் இரு பாடவேளைகளில் முடியும். காத்திருக்கும் குழுக்கள் ஆடுகளத்திற்கு வெளியே பயிற்சி செய்யலாம். இடையிடையே இருவரைத் தனித்தனியே குறிக்கச் செய்து ஒப்பிடுதல் நன்று. இருவர் எண்களும் பெரிதும் மாறுபடின், மதிப்பெண் விதி அவர்களுக்குத் தெளிவாக விளக்கப்படவில்லை என்பது பெறப்படும்.

1998 முதல் அனைத்துலக ஆட்டங்களில் லிபரோ என்னும் தனி ஆட்டக்காரர் இடம் பெற்று வருகிறார். பின்வரிசையில் நின்று பந்தை ஏற்றனுப்புவதே அவர் பணி; வலைக்கு மேலிருக்கும் பந்தை எதிரணியின் பக்கம் அடித்தல் அவருக்கு விலக்கப்பட்டது. உயரம் குறைந்தோரும் உலக அரங்கில் சிறந்து விளங்கும் இடமாக அது இன்று திகழ்கிறது. அத்தகைய ஆற்றல் உடைய சிறுவனோ சிறுமியோ எப்பள்ளியிலும் இருத்தல் கூடும். ஒவ்வொரு பந்தையும் தனித்தனியே குறித்து, அக்குறிப்பைக் கொண்டு அடுத்த வாரப் பயிற்சியை வகுத்து, ஒரு திங்களுக்குப் பின் அதே சோதனையை மீண்டும் நடத்தும் ஆசிரியரின் கண்ணுக்கு அவர்கள் தப்பமாட்டார்கள்.