கட்டடக்கலையுடன் எதைச் சேர்த்துப் படிப்பது? யாங்கூன் நகரம் தரும் விடை

கட்டடக்கலை பயிலும் மாணவர் வேறொரு துறையையும் துணைப்பாடமாகக் கற்பது வேலைவாய்ப்புக்கு உதவுமா என்ற கேள்வி பல நாடுகளிலும் எழுகிறது. மியன்மாரின் (பர்மா) முன்னாள் தலைநகரான யாங்கூனின் அனுபவம் இதற்கு ஓரளவு விடை தருகிறது.

சட்டமும் வரலாறும்

ரங்கூன் என்று அழைக்கப்பட்ட இந்நகரில், 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பாதிக்கும் மேற்பட்டோர் இந்திய வம்சாவளியினர். தமிழர்கள் 1871இல் எழுப்பிய காளி கோயில் நகர மையத்தில் இன்றும் உள்ளது. 1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் வர்த்தகங்கள் தேசியமயமாக்கப்பட்டன; இலட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினர். பல பழைய கட்டடங்களின் உரிமை சிக்கலுக்குள்ளானது.

2011க்குப் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது நிலவிலை உயர்ந்தது. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன. மாநகர நிர்வாகத்தின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற 189 கட்டடங்களில் பெரும்பாலானவை அரசு மற்றும் சமயக் கட்டடங்களே. சாதாரணக் குடியிருப்புகளுக்கும் கடைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை.

இவற்றைக் காக்க 2012இல் யாங்கூன் பாரம்பரிய அறக்கட்டளையைத் தோற்றுவித்த தாண்ட் மியிண்ட்-ஊ, கட்டடக் கலைஞர் அல்லர், வரலாற்றாசிரியர். ஒரு கட்டடத்தைக் காப்பதற்கு வரைபடம் மட்டும் போதாது, அதன் வரலாறும் நில உரிமைச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

2015இல் சுவேடகோன் பகோடாவுக்கு அருகே திட்டமிடப்பட்ட பெரும் கட்டுமானத் திட்டங்களை, எதிர்ப்பைத் தொடர்ந்து அரசு ரத்துச் செய்தது. சமூகத்தின் உணர்வைக் கணிக்கத் தவறினால் வடிவமைப்பு எத்தனை சிறப்பாக இருந்தும் பயனில்லை என்பதை அது காட்டியது.

நிலநடுக்கம் தந்த பாடம்

2025 மார்ச் 28ஆம் தேதி ஏற்பட்ட 7.7 அளவிலான நிலநடுக்கத்தில் மண்டலேயில் பல கட்டடங்கள் சரிந்தன. தொலைவிலுள்ள பாங்காக்கில்கூட, கட்டப்பட்டுவந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று இடிந்து வீழ்ந்தது. யாங்கூனும் சகாயிங் பிளவுக்கு அருகிலேயே உள்ளது. ஆகவே, கட்டமைப்புப் பொறியியல் அறிவு இங்கு கூடுதல் தகுதி மட்டுமல்ல, உயிர் காக்கும் தேவையும் ஆகும்.

எல்லை தாண்டும் தகுதி

2021ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சியும், 2024இல் நடைமுறைக்கு வந்த கட்டாய இராணுவ சேவையும் பல இளைஞர்களை நாட்டைவிட்டு வெளியேறத் தூண்டியுள்ளன. ஆனால் கட்டடக் கலைஞரின் தொழில் உரிமம் எல்லை தாண்டித் தானாகச் செல்லுபடியாவதில்லை. உதாரணமாக, இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு பெற்றவரே அப்பெயரில் தொழில் புரியலாம். அந்நிய நாட்டில் உரிமம் கிடைக்கும்வரை வேலை பெற்றுத்தரக் கூடியவை திட்ட மேலாண்மை, கட்டுமானச் செலவு மதிப்பீடு, கணினிவழி வடிவமைப்பு போன்ற துணைத் திறன்களே.

எனினும், துணைப்பாடம் பட்டத்துக்கோ உரிமத்துக்கோ மாற்று ஆகிவிடாது. கட்டடக்கலைப் படிப்பே இரவு பகலாக உழைப்பைக் கோருவது. இரண்டையும் அரைகுறையாகக் கற்றவரை எந்த நிறுவனமும் விரும்பாது. தான் எங்கே, யாருக்காகக் கட்டப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற ஒன்றை மட்டும் ஆழமாகக் கற்பதே பலன் தரும்.

வெளிநாடு செல்வோருக்கு மேலாண்மை கைகொடுக்கலாம். யாங்கூனிலேயே தங்குவோருக்கு வரலாறும் சட்டமும் நிலநடுக்க அறிவும் தேவை. முதல் வகையினர் பெருகி இரண்டாம் வகையினர் அருகிவிட்டால், தமிழர்களும் சேர்ந்து எழுப்பிய அந்நகரைக் காக்க யார் எஞ்சுவார்கள் என்பதே கவலைக்குரிய கேள்வி.