உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?



'உனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது?' என்று யாராவது கேட்டால், உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். 'அது ஏன் பிடிக்கும்?' என்று கேட்டால்? கொஞ்சம் திணறுவீர்கள், இல்லையா? முப்பது வருடங்களுக்கு மேல் வகுப்பில் பாடம் நடத்திய எனக்கே இந்தக் கேள்விக்கு நீண்ட நாள் பதில் தெரியாது. அதைப் புரிய வைத்தவர் என் ஆச்சி.

எங்கள் ஊர் வாசுதேவநல்லூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது பங்குனி உத்திரத்துக்காக ஆச்சியோடு கழுகுமலைக்குப் போனேன். சங்கரன்கோவில் வரை பஸ். அங்கிருந்து காவடி எடுத்துச் செல்கிறவர்களோடு நடை. பங்குனி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே! பாதி வழியிலேயே கால் கொப்பளித்துவிட்டது. "இனிமேல் நடக்க மாட்டேன்" என்று ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன்.

அப்போது கூட்டத்தில் ஒருவர் காவடிச் சிந்து பாட ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆச்சி என் கையைப் பிடித்துத் தூக்கி, "ஏட்டி, காலை நினைக்காத, பாட்டை நினை. நடை தானா வரும்" என்றார். என்ன ஆச்சரியம்! பாட்டின் தாளத்துக்கு ஏற்ப என் கால்கள் நடக்கத் தொடங்கிவிட்டன. அன்று முதல் அதுதான் எனக்குப் பிடித்த பாட்டு.

அந்தப் பாட்டை எழுதியவர் யார் தெரியுமா? எங்கள் பக்கத்துக்காரர்தான்! சங்கரன்கோவிலுக்கு அருகில் உள்ள சென்னிகுளத்தில் 1860-களில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, உடன் நடந்த கவிஞர் வழி நெடுகப் பாடிய பாடல்களே காவடிச் சிந்து என்பார்கள். முப்பது வயது நிறைவதற்குள் அவர் மறைந்துவிட்டார். பாட்டோ நூறு வருடங்களைத் தாண்டியும் நடந்துகொண்டிருக்கிறது! எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியாரும் சிந்து மெட்டில் பல பாடல்கள் எழுதினார்.

சிந்துப் பாடலில் எதுகை, மோனை, இயைபு எல்லாம் அடுக்கடுக்காக வரும். அந்த ஓசையும் தாளமும் அடியெடுத்து வைக்கும் வேகத்தோடு ஒட்டிக்கொள்ளும். நாற்று நடும்போதும், ஏற்றம் இறைக்கும்போதும் நம் முன்னோர் பாடியது இதனால்தான். பாட்டு களைப்பை மறக்க வைக்கும். எல்லோருடைய கையையும் காலையும் ஒரே தாளத்தில் சேர்க்கும்.

பிடித்த பாட்டைக் கேட்கும்போது சில இடங்களில் உடம்பு புல்லரிக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? அந்த நேரத்தில் நம் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகர ஆய்வாளர்கள் 2011-ல் இதைக் கண்டறிந்தார்கள். சுவையான தின்பண்டத்தைச் சாப்பிடும்போது ஏற்படும் மகிழ்ச்சியிலும் இதே பொருளுக்குப் பங்கு உண்டு.

இன்னொரு செய்தி. பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிறு வயதிலும் இளமையிலும் கேட்ட பாடல்கள்தான் அவர்கள் மனதில் அழுத்தமாகப் பதிந்திருக்கும். அப்படியானால், நீங்கள் இப்போது கேட்கிற பாட்டுகள் அறுபது வயதிலும் உங்களோடு இருக்கப் போகின்றன! நல்ல பாட்டாகப் பார்த்துச் சேர்த்து வையுங்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். கடைசிக் காலத்தில் ஆச்சிக்கு மறதி நோய் வந்துவிட்டது. ஒரு நாள் என்னைப் பார்த்தே, "நீ யாரு தாயி?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் காவடிச் சிந்தை மெதுவாகப் பாடினேன். ஒரு அடி முடிந்ததும் நிறுத்தினேன். அடுத்த அடியை ஆச்சி பாடினார்! ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. என் பெயர் மறந்தவருக்குப் பாட்டு மறக்கவில்லை. மறதி நோய் உள்ளவர்கள் பலரிடம், நெடுநாள் பழகிய பாட்டு கடைசி வரை தங்கியிருப்பதை மருத்துவர்களும் கவனித்திருக்கிறார்கள்.

ஆனால் நான் ஒரு தவறு செய்துவிட்டேன், செல்லங்களே. ஆச்சி எனக்கு ஒரு தாலாட்டுப் பாடுவார். அவருடைய அம்மாவிடம் கற்றது. எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. அதில் ஒரு கிளியும் ஒரு குளமும் வரும். மெட்டு இன்னும் காதில் இருக்கிறது, வார்த்தைகள் போய்விட்டன. 'அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' என்று தள்ளிப் போட்டேன். ஆச்சி போன பிறகு அதைக் கேட்க யாரும் இல்லை. காவடிச் சிந்து அச்சில் இருக்கிறது, அது அழியாது. தாலாட்டு ஆச்சியின் நெஞ்சில் மட்டும்தானே இருந்தது?

திருநெல்வேலி மாவட்டத்துப் பேராசிரியர் நா. வானமாமலை இந்த ஆபத்தை முன்பே உணர்ந்தவர். நாங்குநேரியில் 1917-ல் பிறந்த அவர், மக்கள் வாய்மொழியாகப் பாடிய பாடல்களைத் திரட்டி 1964-ல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்ற நூலாக வெளியிட்டார். அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பாட்டுகள் காற்றோடு போயிருக்கும்.

நீங்களும் இந்த வேலையைச் செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் போய், "உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேளுங்கள். அவர்கள் பாடப் பாட எழுதிக்கொள்ளுங்கள். அதன் கீழே மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: யாரிடம் கற்றார்கள்? எப்போது பாடினார்கள்? பாடும்போது யார் ஞாபகம் வருகிறது? வீட்டில் செல்போன் இருந்தால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு குரலையும் பதிவு செய்யுங்கள்.

கடைசிப் பக்கத்தில் உங்களுக்குப் பிடித்த பாட்டையும், அது ஏன் பிடிக்கும் என்பதையும் எழுதுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் கேட்பார்கள் அல்லவா?

என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில், 'ஆச்சியின் தாலாட்டு' என்ற தலைப்பு மட்டும்தான் இருக்கிறது. உங்கள் நோட்டில் அப்படி ஒரு பக்கம் இருக்கக் கூடாது. இன்றைக்கே கேட்பீர்கள்தானே?