சுவருக்குள் மீன்தொட்டி: கழற்றி மாட்டும் சட்டம்

சுவரில் பதித்த மீன்தொட்டியைச் சுற்றி வரும் சட்டத்துக்கு இரண்டு வேலை. தொட்டியின் விளிம்பு, சிலிக்கன் பூச்சு, நீர்மட்டக் கோடு, அடியில் கிடக்கும் மணல், சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள சந்து ஆகியவற்றை அது மறைக்க வேண்டும். தீனி போடவும், பாசி சுரண்டவும், பில்டரைக் கழுவவும் கை போகிற வழியும் அதுவே. முதல் வேலையை மட்டும் நினைத்து ஆணியடித்துவிட்டால், விளக்கு பழுதாகும் நாளில் சுவர்ப்பூச்சும் சேர்ந்து பெயரும்.

எந்த அளவுக்குக் கழற்ற வேண்டும் என்பதைத் தொட்டியின் பின்புறம் தீர்மானிக்கிறது. பின்னால் களஞ்சிய அறை இருந்தால் எல்லா வேலையும் அங்கிருந்தே நடக்கும். முன்சட்டத்தை எப்போதாவது எடுத்தால் போதும், திருகாணி போதுமானது. பின்னால் வெறும் சுவர் என்றால் மேல்சட்டமே அன்றாட வாசல். அதைத் தனித்துண்டாகச் செய்வதும், தொட்டிக்கு மேலே ஓரடியாவது வெளிவிடுவதும் கட்டும்போதே முடிவாக வேண்டியவை.

பாரத்தைச் சட்டத்தில் ஏற்றவே கூடாது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் சுமார் 250 லீட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடியும் மணலும் சேர, எடை 300 கிலோவை எட்டிவிடும். இதைத் தாங்க வேண்டியது இரும்பு நிலையோ செங்கல் மேடையோதான். சட்டம் கண்ணாடியைத் தொடவும் வேண்டாம். 3 மில்லிமீற்றர் விட்டு, சட்டத்தின் உட்புறத்தில் மெல்லிய ஸ்பொஞ்ச் நாடா ஒட்டினால் வெளிச்சம் கசியாது.

மாட்டும் முறைகளில் காந்தத்துக்குத்தான் இப்போது மவுசு. நியோடைமியம் காந்தம் சிறிதாக இருந்தும் நேராக இழுக்கும்போது விடாப்பிடியாக நிற்கும். ஆனால் கீழ்நோக்கிச் சறுக்கும்போது அந்தப் பிடியில் ஒரு பகுதிதான் மிஞ்சும். கனமான பலாமரச் சட்டத்தைக் காந்தத்தில் மட்டும் தொங்கவிட்டால் நாளடைவில் இறங்கிவிடும். இதற்குத் தச்சர் கைவைத்தியம் ஒன்று உண்டு. சுவரில் முதலில் ஓர் உள்சட்டத்தை வோல் பிளக் வைத்து நிரந்தரமாக இறுக்குவார். அதன் கீழ்விளிம்பில் இரண்டு முளைகள் நிற்கும். வெளிச்சட்டத்தின் துளைகள் அவற்றில் அமரும். எடை முழுவதும் முளைக்குப் போய்விடும். மேலே உள்ள காந்தங்கள் சட்டம் முன்னால் சாயாமல் பிடித்தால் போதும். மேல்விளிம்பில் விரல் நுழையும் சிறு பள்ளம் இருந்தால், அங்கே பிடித்து முன்னால் சாய்த்து, பிறகு தூக்கினால் சட்டம் கையோடு வந்துவிடும். காந்தத்தைக் குழிக்குள் பசையிட்டுப் புதைப்பது அவசியம். வெளியே கழன்று கிடப்பதைக் குழந்தை விழுங்கினால் குடலுக்கு ஆபத்து; ஈரம் பட்டால் நிக்கல் பூச்சு உரிந்து துருவும் பிடிக்கும்.

வெல்க்ரோ நாடா எடையில்லாத பீவீசீ பட்டிக்குச் சரி. ஈரச்சுவரில் நாடா கழன்று வராது, அதன் பசைதான் முதலில் விட்டுப்போகும்.

ஈரம்தான் ஹுன்னஸ்கிரிய போன்ற இடத்தில் பெரிய விடயம். கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அருகே உள்ள இந்த ஊரை வடகீழ்ப் பருவமழை நன்றாகவே நனைக்கும். ஹீட்டர் போட்ட தொட்டியிலிருந்து எழும் நீராவி, இரவில் குளிர்ந்த சட்டத்தின் பின்பக்கத்தில் துளியாகப் படியும். முன்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்த பலகை அங்கேதான் முதலில் கறுக்கிறது. ஆகவே ஆறு முகங்களுக்கும் பூச்சு வேண்டும், தலைப்பு வெட்டுக்கு இரண்டு தடவை. எம்டிஎஃப் பலகை வெட்டிய ஓரத்தில் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும்; மலிவு என்றாலும் இங்கே உதவாது. தேக்கும் பலாவும் தாக்குப்பிடிக்கும், அலுமினியத்துக்கு இந்தக் கவலையே இல்லை. மரம் ஈரத்தில் அகலவாக்கில் விரியும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால் மூலையில் 45 பாகை வெட்டிச் சேர்த்த பொருத்து மழைக்கும் வெயிலுக்கும் வாய்திறக்கும். நிமிர்ந்த இரு பலகைகளின் மேல் குறுக்குப் பலகையை வைக்கிற சாதாரணப் பொருத்து அழகில் ஒரு படி குறைவு, ஆனால் நிலைக்கும்.

வளர்க்கும் மீனைப் பொறுத்தும் ஈரத்தைக் குறைக்கலாம். இலங்கைக்கே உரிய செரி பார்ப், பிளாக் ரூபி பார்ப் போன்றவை மிதமான குளிரைப் பொறுப்பதால், அறை கடுமையாகக் குளிராத வீடுகளில் ஹீட்டர் இல்லாமலே இருக்கும். அவற்றைக் கடையில் வாங்க வேண்டும். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நக்கிள்ஸ் வனத்து ஓடைகளில் பிடித்து வரக்கூடாது.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்க இடமில்லை. பிளக் பொயின்ட் தொட்டிக்குக் கீழே அல்லாமல் பக்கவாட்டில், சட்டத்தைக் கழற்றாமலே எட்டும் இடத்தில் இருப்பது நல்லது. வயரைப் பிளக்கைவிடத் தாழ்வாக வளைத்துத் தொங்கவிட்டால், அதன் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் இதோடு சேர்ந்தது.

உள்சட்டத்தைத் தொட்டி காலியாக இருக்கும்போது பொருத்தக்கூடாது. தண்ணீர் நிரம்பியதும் நிலை சற்று அமுங்கும்; ஒரு வாரம் விட்டு, நீர்மட்டம் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, மேல்சட்டம் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கும்படி அளவெடுத்த பிறகே சுவரில் துளையிட வேண்டும்.