தினமும் லாபம் தருமா ‘ஏஐ பாட்’?



“எங்கள் ஏஐ பாட் கிரிப்டோ வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும். பணம் போட்டால் போதும், தினமும் ஒரு சதவீதம் லாபம்.” இப்படியான விளம்பரங்கள் நம் கைப்பேசிகளுக்கு அடிக்கடி வருகின்றன. பிள்ளை வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணத்தையும், மகளின் நிக்காஹ்வுக்குச் சேர்த்து வைத்த நகையை அடகு வைத்த பணத்தையும் இதில் போட நினைப்பவர்கள் உண்டு. போடுவதற்கு முன், அந்த மென்பொருள் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

இயந்திரம் எதைக் கற்கிறது?

பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. பங்குச்சந்தை பிற்பகலில் மூடிவிடும். கிரிப்டோ சந்தையோ இரவு பகலாக, விடுமுறை நாளிலும் நடக்கிறது. அதன் விலைப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அதனால்தான் கணினி படித்தவர்கள் பலர் இயந்திரக் கற்றலை இங்கே முயன்று பார்க்கிறார்கள்.

பழைய விலைகளையும், எவ்வளவு வாங்கி விற்றார்கள் என்ற கணக்கையும் கணினிக்குக் கொடுப்பார்கள். எந்த நிலைக்குப் பிறகு விலை ஏறியது, எந்த நிலைக்குப் பிறகு இறங்கியது என்று அது தேடும். அதே போன்ற நிலை மீண்டும் வந்தால் ‘வாங்கு’, ‘விற்றுவிடு’ என்று சொல்லும். இது உண்மையான தொழில்நுட்பம்தான், பெரிய நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. ஆனால் அதற்குத் தெரிந்தது நடந்து முடிந்தது மட்டுமே.

மனப்பாடம் வேறு, புரிதல் வேறு

பத்து ஆண்டு வினாத்தாள்களை விடையோடு மனப்பாடம் செய்த மாணவனிடம் அதே கேள்விகளைக் கேட்டால் நூற்றுக்கு நூறு வாங்குவான். கேள்வியை மாற்றினால் திணறுவான். கணினியும் அப்படித்தான். பழைய விலைகளை மனப்பாடம் செய்துவிட்டு, அதே விலைகளில் சோதித்தால் பிரமாதமான லாபம் காட்டும். விளம்பரத்தில் நமக்குக் காட்டும் வரைபடம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 1,024 மென்பொருள்கள் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுபோல ‘நாளை ஏறும், இறங்கும்’ என்று குருட்டாம்போக்கில் சொல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பாதி சரியாகச் சொல்லும், மறுநாள் அதில் பாதி. இப்படியே போனால் பத்து நாளும் சரியாகச் சொன்னதாக ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றை மட்டும் நம்மிடம் காட்டினால் அது மேதையாகத்தான் தெரியும். மற்ற 1,023-ஐ யாரும் காட்டுவதில்லை.

சந்தையும் நிலையாக இருப்பதில்லை. கூட்டமில்லாத ஒரு சந்து நமக்கு மட்டும் தெரிந்திருந்தால் ஜும்ஆவுக்குச் சீக்கிரம் போய்விடலாம். எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அந்தச் சந்திலும் நெரிசல்தான். லாபம் தரும் வழியும் பலர் கண்டுபிடித்ததும் லாபமில்லாமல் போகும். 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலர் வரை ஏறிய பிட்காயின், ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே போனது. இடையில் 2022 மே மாதம் டெர்ரா நாணயமும், நவம்பரில் எஃப்டிஎக்ஸ் நிறுவனமும் வீழ்ந்தன. ஒரு நிறுவனத்துக்குள் நடக்கும் முறைகேட்டைப் பழைய விலைப் பட்டியலில் எந்தக் கணினியும் படித்துவிட முடியாது.

கட்டணமும் வரியும்

வாங்க 0.1 சதவீதம், விற்க 0.1 சதவீதம் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். பாட் தினம் ஐந்து முறை வாங்கி விற்றால் ஒரு நாளில் ஒரு சதவீதம் போய்விடும். விலை அசையாமலே இருந்தாலும் 1 லட்ச ரூபாய் 30 நாளில் சுமார் 74,000 ஆகிவிடும்.

நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல், ஆண்டு வரம்பைத் தாண்டினால் விற்கும் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை முதல் முடங்கிக் கிடக்கும். ஓயாமல் வாங்கி விற்கும் பாட்டுக்கு இதுவே பெரிய அடி.

‘தினம் ஒரு சதவீதம்’ என்ற வலை

தினம் ஒரு சதவீதம் கூடிக்கொண்டே போனால் ஒரு லட்சம் ஓராண்டில் 37 லட்சத்தைத் தாண்டும். அப்படி ஓர் இயந்திரம் கையில் இருப்பவர் நம் ஒரு லட்சத்துக்காக ஏன் அலைய வேண்டும்?

பிட்கனெக்ட் என்ற நிறுவனம் தன்னிடம் வர்த்தக பாட் இருப்பதாகச் சொல்லி உலகமெங்கும் பணம் திரட்டியது. 2018 ஜனவரியில் திட்டத்தை மூடியது, அதன் நாணயமும் மதிப்பிழந்தது. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2021-ல் தொடுத்த வழக்கில், அது சராசரியாகத் தினம் ஒரு சதவீத லாபம் என்று பொய்க் கணக்குக் காட்டியதாகவும், திரட்டிய பணத்தைச் சொன்னபடி பாட் மூலம் வர்த்தகம் செய்யவில்லை என்றும் குற்றம் சாட்டியது.

யாராவது அழைத்தால் கேளுங்கள்:

• பாட் பார்த்தேயிராத காலத்தின் விலைகளில் சோதித்தீர்களா?
• கட்டணமும் வரியும் கழித்த கணக்கா இது?
• நஷ்டமான மாதங்களைக் காட்ட முடியுமா?
• ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டா? உண்டு என்றால் உடனே விலகிவிடுங்கள்.

பணம் ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கிரிப்டோ வியாபாரம் கூடுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இயந்திரக் கற்றலில் ஆர்வமுள்ள பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். பழைய விலைகளை வைத்துப் பணம் போடாமலே பழகலாம். அந்தத் திறமை மருத்துவம், விவசாயம், வங்கி என்று எத்தனையோ துறைகளில் நேர்மையான வேலை தரும். வீட்டின் சேமிப்பு மட்டும் அந்தப் பயிற்சிக்குக் கட்டணமாகிவிடக் கூடாது.

அல்லாஹ் நம் ஹலாலான சம்பாத்தியத்தைப் பாதுகாப்பானாக. ஆமீன்.